சேனாபதி ஜெயித்த துப்பாக்கி கேஸ்

மில்பிடாஸ் பக்கம், கலிபோர்னியா.

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மாள் கோமதி அவர்களுக்கு, தெய்வானை வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் உங்கள் வீட்டுக்காரரின் சர்க்கரையும் மட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் காகிதத்தில் எழுதி, போட்டோ பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன்.

உங்கள் மகள் ஸ்வர்ணா என் பேத்தி ரக்ஷாவையும் கூட்டிக்கொண்டு சன்னிவேலில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டது நீங்கள் அறிந்ததே. ஆனால் என் மகன் சேனாபதி செய்த சாதனையை அவள் சொல்லியிருக்க மாட்டாள். போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு திருடன் எதிர்வீட்டுக் காருக்கு அடியில் படுத்து விற்றால் காசு வருகிற ஏதோ ஒரு குழாயை அறுத்துக்கொண்டு போனான். உடனே சேனாபதி துப்பாக்கி வாங்கினான். எங்கள் ஊர் நகராட்சியோ, வீட்டுத் துப்பாக்கியைப் பெட்டியில் போட்டுப் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. விடுவானா என் பிள்ளை? இன்னும் சில பேரைச் சேர்த்துக்கொண்டு நகராட்சி மேலேயே கேஸ் போட்டான். உங்கள் வீட்டுக்காரர் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மனு எழுதி, அதையும் கொடுக்காமல் திரும்பி வந்தவர்தானே.

நானும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். வாசலில் காவலாளி என் பையைக் கிளறி, பாக்குவெட்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். ஆயுதமாம்! துப்பாக்கியை வீட்டில் திறந்தபடி வைக்கலாமா என்று கேஸ் நடக்கிற இடத்துக்குள் பாக்குவெட்டி போகக்கூடாதாம். உள்ளே எங்கள் வக்கீல், திருடன் வந்தால் பூட்டைத் திறப்பதற்குள் உயிர் போய்விடும், துப்பாக்கி ஒரு நொடியில் கைக்கு வர வேண்டும் என்று வாதாடினார். அதைச் சேனாபதி என் காதோடு தமிழில் சொன்னான். சிரிப்பை அடக்கிக்கொண்டேன். எத்தனை அலாரம் அடித்தாலும் எழுந்திருக்காதவன் என் பிள்ளை; எழுந்தாலும் மூக்குக்கண்ணாடியைத் தேடவே அரைமணி ஆகும். ஜட்ஜ் படித்தவர், நம்பிவிட்டார். கேஸ் முடிகிறவரை அந்தச் சட்டத்துக்குத் தடை போட்டார். அன்றைக்கே துப்பாக்கி பெட்டியிலிருந்து கட்டிலோர டிராயருக்கு, சாக்ஸ் மேலே குடி வந்தது. ஸ்வர்ணா அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"ரக்ஷாவுக்கு ஆறு வயசு. பிரிட்ஜ் மேல ஒளிச்சு வெச்ச சாக்லேட்டையே ஸ்டூல் போட்டு எடுக்கிறா. டிராயர் எம்மாத்திரம்?"

"ஜட்ஜே அலவ் பண்ணிட்டாரு. நீ என்ன அப்ஜெக்ட் பண்றது?"

"ஜட்ஜோட பேத்தியா இந்த வீட்ல வெளையாடுறா?"

ஒரு வாரம் இதே சண்டை. கடைசியில், பூட்டினால்தான் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஜெயித்து வந்த புருஷனுக்கு ஒரு பாயசம் வைத்தாளா? பெண்ணை வளர்த்த லட்சணம் என்று ஊர் சொல்லும், நான் சொல்லவில்லை. ஆகவே நீங்கள்தான் புத்தி சொல்லி அவளை அனுப்பி வைக்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரருக்கு என் வணக்கம். உங்கள் கடைக்குட்டிக்குச் சீக்கிரம் நல்ல இடத்தில் வரன் அமைய வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தெய்வானை

பி.கு.: மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று காலை துவைத்த சாக்ஸை வைக்க அந்த டிராயரைத் திறந்தேன். துப்பாக்கிக்குப் பக்கத்தில் ரக்ஷாவுடைய பொம்மையின் செருப்பு ஒன்று கிடந்தது. துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டிச் சாவியை என் கையில் கொடுக்கிறவரை அடுப்பு எரியாது என்று சேனாபதியிடம் சொல்லிவிட்டேன்.

"அம்மா, ஜட்ஜே சொல்லிட்டாரும்மா!"

"அப்ப அவர் வீட்டுலயே போய்ச் சாப்பிடு."

மத்தியானத்துக்குள் பூட்டிவிட்டான். சாவி என் இடுப்பில். அப்பீல் போவானாம். போகட்டும், இந்த வீட்டில் எனக்கு மேலே கோர்ட் கிடையாது. ஸ்வர்ணாவைக் கிளம்பி வரச் சொல்லுங்கள். நான் கூப்பிட்டதாகச் சொல்ல வேண்டாம், நீங்கள் புத்தி சொன்னதாகவே இருக்கட்டும். மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டிருக்கலாம்தான். கையெழுத்து நன்றாக வந்துவிட்டது, அதனால் அப்படியே அனுப்புகிறேன்.