கொளஞ்சிநாதன் டிக்கு எடுத்த படலம்

வாழி! களிமண் குழைத்த கரத்தான் வாழி! ஆயிரத்து இருநூறு டிகிரி அனலையும் அஞ்சாது நோக்கும் கண்ணான், விருத்தாசலத்துப் பீங்கான் பேட்டையின் பெருஞ்சிங்கம், நீலக் கோப்பை வார்க்கும் நெடுந்தோளான், மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவதில் மட்டும் சற்றே தளர்பவன், கொளஞ்சிநாதன் வாழி, வாழி! இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் கண்ணுகளா. போர் தொடங்கப்போகிறது.

சூளையின் சூட்டைக் காட்டும் கணினியிலே, காசு கேளாமல் வந்ததும், உள்ளிருப்பதை எவரும் பிரித்துப் பார்க்கலாம் என நெஞ்சைத் திறந்து வைத்ததுமான கட்டற்ற இயங்குதளம் ஒன்று குடியிருந்தது. நல்ல பிள்ளைதான். ஆனால் அதைப் புதுப்பிக்க வந்த தூதனோ, கார்மேகம் மலையை மறைத்தாற்போல் திரையை மறைத்து ஒரு பெட்டியை விரித்து, "எப்போது திறக்கிறீர், எதை ஓட்டுகிறீர் என்னும் விவரங்களை எமக்கு அனுப்புக!" என முழங்கி, விருப்பம் உம்முடையதே எனவும் பணிந்து, அந்த விருப்பத்துக்குத் தானே டிக்கும் அடித்து வைத்திருந்தான்! போன முறையே எடுத்த டிக்கு அது. வெட்ட வெட்ட முளைக்கும் அரக்கன் தலைபோல் மீண்டு நின்றது.

சினந்தது சிங்கம். "நான் எப்ப அடுப்பு ஏத்தினா இவனுக்கு என்ன? இன்னிக்கு நீலக் கோப்பைன்னு பக்கத்து ஷெட்டு தேவநாதனுக்குத் தெரிஞ்சா, நாளைக்கே அவனும் போட்டுச் சந்தையில முந்திக்குவான்!" என்று சூளுரைத்து, களிமண் அப்பிய மவுஸ் என்னும் வாளை ஏந்திப் பாய்ந்தான்.

அந்தோ! டிக்கு நின்ற இடத்தை மறைத்தது எது? பொம்மைக்குக் கண் எழுதும் கமலம், ஆயுத பூஜையன்று கட்டைவிரலால் திரையின் நடுமார்பில் அப்பிய சந்தனமும் குங்குமமும்! தானாக உதிரும்வரை அதைத் தொடலாகாது என்பது அந்த ஷெட்டின் சட்டம். பொட்டின்மேல் அழுத்தினான், டிக்கு போயிற்றோ? ஐயம் வந்து மீண்டும் அழுத்தினான். ஐயோ, திரும்பி வந்துவிட்டதோ? இருளில் வாள் வீசும் வீரன்போல் அழுத்தி அழுத்தி, எத்தனை அழுத்தினோம் என்பதும் மறந்து, வேர்வை வெள்ளாறாய்ப் பெருக, குலதெய்வத்தை விளித்து, கடைசியில் ஈரத்துணியை எடுத்தே விட்டான்.

"பொட்டுல கைய வச்சீங்கன்னா சூளை வெடிச்சுப்பூடும் அண்ணே, சொல்லிட்டேன்" என்றாள் கமலம், பொம்மையின் இமையிலிருந்து தலை நிமிராமலே. "அந்தப் பெட்டியைப் புடிச்சு அந்தாண்ட இழுங்களேன்."

இழுத்தான். பொட்டின் மறைவினின்று வெட்டவெளிக்கு வந்த பகைவனை ஒரே அழுத்தில் வீழ்த்தினான்! "உமது விருப்பம் ஏற்கப்பட்டது" எனத் தூதன் தலைவணங்கி மறைய, எண்திசையும் அதிர, மணிமுத்தாற்று மணல் புரள, மங்கலம்பேட்டை பஸ்ஸும் ஒரு கணம் ஆரனை அடக்கிச் செவிசாய்க்க, அடுப்பின் மறையை அகிலம் அறியாது காத்த அண்ணல், நீலக் கோப்பைகளை வரிசை வரிசையாய் அடுக்கி, அனல் மூட்டி, வாகை சூடி நின்றான்.

அப்புறம் அந்தக் கோப்பை வரிசையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டான், தேவநாதன்தான் முதலில் பார்த்தான்.