கெட்டுப்போகாத லாப்டாப்

கம்ப்யூட்டர் சார் ஃபோனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். உள்ளே சத்தம் வந்தது. ஃபோனில் கோளாறு இல்லை. எங்குமே கோளாறு இல்லாததுதான் அவருடைய பிரச்சினை.

அலுவலகத்துக்குப் புது லாப்டாப்புகள் வந்து பத்து நாளாகிறது. ஒருவர்கூட அவரைக் கூப்பிடவில்லை.

அந்த லாப்டாப்பைத் தேர்ந்தெடுத்தவரே அவர்தான். "கம்ப்யூட்டர்னா என்னன்னே தெரியாதவங்க கையில குடுத்தாலும் கெடக்கூடாது," என்று மேனேஜர் சொல்லியிருந்தார். இவரும் இரண்டு மாதம் ஏழு மாடல்களை வரவழைத்து, டீயை ஊற்றி, மேசையிலிருந்து தள்ளி, மூடியை நூறு தடவை திறந்து மூடி, எதற்கும் அசராத ஒன்றைக் கண்டுபிடித்தார். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது பிறகுதான் உறைத்தது.

பழைய லாப்டாப்புகள் தங்கமானவை. தினம் ஒன்று நின்றுவிடும். இவர் போய்ச் சரிசெய்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருப்பார். மனைவி போய் நான்கு வருடம். வெளிநாட்டிலிருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, "சாப்டீங்களாப்பா?" என்பாள். மற்ற நாளெல்லாம் அந்த அரைமணிதான் அவருக்குப் பேச்சு.

சும்மா போய் உட்கார முடியாதா? முடியாது. அவர் அறைக் கதவில் அவரே ஒட்டிய காகிதம் இருந்தது: 'இயந்திரம் நின்றால் மட்டும் அழைக்கவும்.' வீட்டில் ஒருத்தி காத்திருந்த காலத்தில், நேரத்தோடு கிளம்புவதற்காக ஒட்டியது. இப்போது கிழித்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

பதினோராம் நாள், பரிசோதனை என்று ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

வரவேற்பு மேசை அக்காவின் லாப்டாப்பில் டீ வழிந்துகொண்டிருந்தது.

"கை தவறிடுச்சு சார்."

அவர் ஆசையோடு குனிந்தார். துடைத்துவிட்டுத் தட்டிப் பார்த்தார். எல்லா எழுத்தும் விழுந்தது.

"ஒண்ணும் ஆகலம்மா."

"ஒண்ணுமேவா சார்?"

"ஒண்ணுமே."

இருவரும் பெருமூச்சு விட்டார்கள்.

ஸ்டோர்காரரின் லாப்டாப் தரையில் கிடந்தது.

"மறுபடியும் விழுந்துடுச்சு சார்."

"மறுபடியுமா?"

"முதல் தடவை ஒண்ணும் ஆகலை."

இரண்டாம் தடவையும் ஆகவில்லை. இதோடு வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்கலாம். தொழில் புத்தி விட்டால்தானே? அந்த வாரமே எல்லா லாப்டாப்புக்கும் எழுத்துகளின்மேல் ரப்பர் உறை போட்டார், பஞ்சு வைத்த பை வாங்கிக் கொடுத்தார். போதாததற்கு, பிரிண்டர் ஓடாவிட்டால் என்ன செய்வது என்று பச்சைக் குழந்தைக்கும் புரிகிற மாதிரி ஒரு குறிப்பு எழுதி ஒட்டினார். அதன்பின் அவர் அறையில் சுவர்க்கடிகாரம் மட்டும்தான் பேசியது.

டீ அறைக்குப் போனால் வேறு வருத்தம். கதவுக்குப் பின்னால் தலைப்பில்லாமல் ஒரு பட்டியல் தொங்கும். திங்கள் வரவேற்பு அக்கா, செவ்வாய் ஸ்டோர்காரர், புதன் டைப்பிஸ்ட் என்று எல்லாருக்கும் ஒரு கிழமை. கப் கழுவும் முறை என்று அவராகவே புரிந்துகொண்டிருந்தார். மேனேஜரை விட்டால், அதில் இல்லாதவர் இவர் ஒருவர்தான். 'கப் கழுவக்கூட நம்மைச் சேர்க்கலையே' என்று நினைத்தபடி தன் கப்பைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவார்.

கடைசியில், வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பாவத்தைச் செய்தார். யாரும் பார்க்காத நேரத்தில் பிரிண்டர் வயரைப் பிடுங்கிவிட்டு, அறைக்கு ஓடிவந்து ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஃபோன் அடிக்கவில்லை. மேனேஜரே நேரில் வந்துவிட்டார்.

"பிரமாதம் சார்! பிரிண்டர் வயர் கழண்டிருந்தது. உங்க குறிப்பைப் பாத்து நானே மாட்டிட்டேன். இனிமே இங்க உங்களுக்கு என்ன வேலை? திங்கட்கிழமையிலேர்ந்து பின்பக்கக் கட்டடத்துல இருக்கிற சர்வர் ரூமுக்குப் போயிடுங்க. ஒரு தொந்தரவு கிடையாது. ஆள் நடமாட்டமே இருக்காது."

"ரொம்ப நன்றி சார்," என்றார் கம்ப்யூட்டர் சார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தன் கப்பை எடுத்துக்கொள்ள டீ அறைக்குப் போனார். டீ போடும் அம்மா கதவுக்குப் பின்னாலிருந்த பட்டியலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அதை ஏம்மா எடுக்கறீங்க? அப்புறம் கப் கழுவற முறை எப்படித் தெரியும்?"

"கப் கழுவறது நான்தானே சார், பதினோரு வருஷமா?"

"அப்ப இது என்ன முறை?"

அந்த அம்மா காகிதத்தை நாலாக மடித்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னைக்கு யாரு லாப்டாப்பைக் கெடுத்துட்டு உங்களைக் கூப்பிடணும்ங்கற முறை சார், உங்க வீட்டம்மா போனதுலேர்ந்து ஓடுது, நீங்க பாத்து வாங்கிக் குடுத்த இந்தப் புதுசைத்தான் தலைகீழா நின்னும் எங்களால கெடுக்க முடியல."