இருபத்தேழாம் அத்தியாயத்தில் நிற்க வேண்டிய பேருந்து

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

இங்கு நானும் உன் அண்ணியும் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் நலமாகவே இருங்கள். இந்தக் கடிதத்தை முழுதாகப் படிக்கத் தெம்பு வேண்டும்.

உன் நாவல் தபாலில் வந்து சேர்ந்தது. முதல் வரியிலேயே எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. நாற்பது பயணிகளோடு போன பேருந்தை நடுவழியில் நிறுத்திவிட்டு ஓட்டுநர் இறங்கி நடந்தார் என்று தொடங்குகிறாயே, அது நம் அப்பா கதைதானே? பதினொரு வருடமாக அதை நாவலாக எழுதத் திட்டம் போடுகிறவன் நான். பேருந்துக் கம்பெனியில் முப்பது வருடம் கால அட்டவணை போட்டவனுக்கு எது எப்போது நிற்க வேண்டும் என்று தெரியாதா? படுக்கையறைச் சுவரில் அறுபத்து நான்கு அட்டைகள் ஒட்டியிருக்கிறேன். நீலம் அப்பாவுக்கு, பச்சை பேருந்துக்கு. அந்தப் பேருந்து நிற்பது இருபத்தேழாம் அத்தியாயத்தில்! ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் அதை உனக்கு விலாவாரியாகச் சொன்ன என் வாயைத்தான் தைக்க வேண்டும். எப்படி எழுதினாய் என்று கேட்டால், "உக்காந்தேன், வந்துச்சு, எழுதிட்டேன் அண்ணே" என்கிறாய். வருவதற்கு அதென்ன தும்மலா? உன் அண்ணியோ, "அவ எழுதிட்டா, நீங்க ஒட்டிக்கிட்டே இருங்க" என்கிறாள். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அப்பா ஏன் நிறுத்தினார் என்பதற்கு, 'அவருக்கே தெரியவில்லை' என்று எழுதிவிட்டாயே, அங்கேதான் பற்றிக்கொண்டு வருகிறது. திட்டம் போடாமல் எழுதினால் இப்படித்தான். காரணமில்லாமல் நிறுத்துவாரா மனுஷன்? பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நான் கடைசி இருக்கையில் ஒளிந்திருந்தேன். கண்ணாடியில் பார்த்துவிட்டார். நிறுத்தினார், எழுந்து வந்தார், ஒரு வார்த்தை திட்டவில்லை, கையைப் பிடித்துப் பள்ளிக்கூட வாசல்வரை நடத்திக்கொண்டு போய் விட்டார். ஒரு மாதம் சஸ்பெண்ட் ஆனார். அம்மா எவ்வளவு கேட்டும் காரணம் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற நானும் சொல்லவில்லை. அறுபத்து நான்கு அட்டைகளில் ஒன்றில்கூட அதை எழுத எனக்குக் கை வரவில்லை. நீ என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். உனக்கு ஆசீர்வாதம், இந்தத் தடவை கொஞ்சம் குறைவாக.

ஆறாத கோபத்துடன்,
அண்ணன்

பி.கு.: உறையில் போடுமுன் உன் அண்ணி இதை வாங்கிப் படித்தாள். பிறகு நாற்காலியில் ஏறி அட்டைகளை ஒவ்வொன்றாக உரிக்கத் தொடங்கினாள், நானும் தடுக்கவில்லை. "இதுதாங்க முதல் அத்தியாயம்" என்கிறாள். நான் எழுதவா உட்கார்ந்தேன்? உன்னைத் திட்ட உட்கார்ந்தேன், வந்துவிட்டது. திட்டை மட்டும் வைத்துக்கொண்டு கடிதத்தை மறுதபாலில் திருப்பி அனுப்பு. என்னிடம் நகல் இல்லை.