வேன் ஓட்டி கொர்னேலியஸுக்குக் கண்ட அம்மை

சேசு மரி சூசை

ஊர்: ஆயர் குரோ

பாசமுள்ள ரோசலின் அக்காவுக்கும் மரியாதைக்குரிய மச்சானுக்கும் தம்பி கொர்னேலியஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நீங்கள் சுங்கை ரம்பாயில் சுகமாக இருப்பீர்கள். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை எழுத மறுக்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே அழத் தொடங்கிவிடுவீர்கள் என்பதால் கடிதம். படித்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

மூன்று வாரத்துக்கு முன், காட்டோரத்தில் பூர்வகுடிகள் குடியிருக்கும் கம்பம் ஒன்றில் பிள்ளைகளுக்குத் தட்டம்மை கண்டிருக்கிறது என்று எங்கள் சுகாதார ஆபீசுக்குத் தகவல் வந்தது. தடுப்பூசி போட எங்கள் நர்ஸ் விஜயராணி மிஸ்ஸியை ஏற்றிக்கொண்டு போகச் சொன்னார்கள். ஊசியைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும் என்பது ஆபீசில் யாருக்கும் தெரியாது. இரண்டு முகமூடி போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, வேனை விட்டு இறங்குவதில்லை என்ற முடிவோடுதான் போனேன். போய்ப் பார்த்தால் அடுப்பு புகைகிறது, நாய் குரைக்கிறது, ஆளைக் காணோம். எங்கள் வேனைக் கண்டதும் எல்லாரும் ரப்பர் மரங்களுக்குள் போய் ஒளிந்துகொண்டிருக்கிறார்கள். கம்பத்துத் தலைவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். மிஸ்ஸி பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு மலாயில் மெதுவாகச் சொன்னார்: "கோவிட் நேரத்துல இப்படி ஒரு வேன்லதான் என் தம்பிய ஏத்திட்டுப் போனாங்க. மூடின பெட்டிதான் திரும்பி வந்துச்சு. மூஞ்சிகூட பாக்கல."

மிஸ்ஸி ஊசிப் பெட்டியை மூடிவைத்தார். அந்த நேரம் மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் இரண்டு வயது மகனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு உடம்பெல்லாம் சிவப்பு, மூச்சு விடும்போது நெஞ்சு குழி விழுந்தது. நோய் நுரையீரலில் இறங்கிவிட்டது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார் மிஸ்ஸி. அவளோ மிஸ்ஸியை விட்டுவிட்டு என் கண்ணாடியைத் தட்டினாள். இறக்கினேன்.

"திரும்பக் கொண்டு வருவியா?"

அது டாக்டர் சொல்ல வேண்டிய பதில், அக்கா. ஆனால் என் வாய், "நானே கொண்டாந்து விடுறேன்" என்று சொல்லிவிட்டது. வழியெல்லாம் பிள்ளை என் பிடரியில் இருமினான். இருமல் கேட்டால் எனக்குப் பயம், கேட்காவிட்டால் அதைவிடப் பயம்.

ஒன்பது நாள் வார்டில் கிடந்தான். தினமும் வேலை முடிந்து போவேன், உள்ளே நுழையப் பயந்து காவலாளியிடம் விசாரித்துவிட்டு வருவேன். பத்தாம் நாள் அவன் பிஸ்கட் தின்றுகொண்டே என் வேனில் வீட்டுக்கு வந்தான். ஒவ்வொருவராக வெளியே வந்து அவனைத் தொட்டுப் பார்த்தார்கள். அப்போது தலைவர், முதலில் இந்த டிரைவருக்குப் போடுங்கள், பார்க்கிறோம் என்றார். மிஸ்ஸி என் சட்டைக் கையைச் சுருட்டியதுவரை ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தபோது தரையில் கிடந்தேன், கம்பமே சிரித்துக்கொண்டிருந்தது. "சாகல, எந்திரிச்சிட்டான்" என்று சொல்லித் தலைவர் கையை நீட்டினார். அவருக்குப் பின்னால் முப்பத்தெட்டுப் பேர் போட்டுக்கொண்டார்கள்.

இனிமேல்தான் விஷயமே. நேற்றுக் காலையிலிருந்து மார்பிலும் முதுகிலும் எனக்குச் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. வந்துவிட்டது. அறைக்குள் கிடக்கிறேன், கட்டின மனைவி ஜெனட்டே சோற்றைக் கதவோரம் வைத்துவிட்டு ஓடுகிறாள். குளிருகிறது, காய்ச்சலா, தலைக்குமேல் சுற்றும் காற்றாடியா தெரியவில்லை. வேன் வேலையே வேண்டாம், மாற்றிவிடுங்கள் என்று ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டாம். எனக்கு ஏதாவது ஆனால் ஜெனட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், அடுப்புக்குக் கேஸ் தோம்பு மாற்றக்கூட அவளுக்குத் தெரியாது.

மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. மச்சானின் முழங்கால் வலிக்காகவும் வேண்டிக்கொள்கிறேன்.

உயிருள்ளவரை உங்கள் தம்பி,
கொர்னேலியஸ்

பி.கு.: உறையை ஒட்டுமுன் மிஸ்ஸி வந்துவிட்டார். தடிப்பைப் பார்த்தார், குளியலறைக்குள் போய்ப் பார்த்தார். கிருமி சாகட்டும் என்று இரண்டு வாரமாக நான் தேய்த்துக் குளித்தது தரை துடைக்கிற மருந்தாம். அம்மையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஞாயிறு அவசியம் வாருங்கள். நான் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் மிஸ்ஸி, அதிகாரியின் மேசையிலிருந்து எடுத்துவந்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். அடுத்த கம்பத்திலும் ஒரு பிள்ளைக்குக் கண்டிருக்கிறதாம். மயங்கி விழுந்த டிரைவரை அனுப்பினால்தான் அங்கே ஆட்கள் வெளியே வருவார்கள் என்று முதல் கம்பத்துத் தலைவர் போன் பண்ணினாராம். நாளைக் காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறோம். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அக்கா.