குற்றாலம் லாட்ஜில் நான் பறக்கவிட்ட பொடி

புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆள் கையில் அதிகாரத்தைக்கூடக் கொடுக்கலாம். தீயணைப்பு சிலிண்டரை மட்டும் கொடுக்கவே கூடாது. என் கையில் யாரும் கொடுக்கவில்லை. (நானாகவே எடுத்துக்கொண்டேன்.)

தென்காசிப் பக்கம் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் எனக்கு முதல் வேலை. சீசன் தொடங்கியதுமே குற்றாலத்து லாட்ஜுகளில் தீப்பாதுகாப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதிகாரி அம்மாவுடன் கிளம்பினேன். கழுத்தில் புது அடையாள அட்டை. மாவட்டத்தையே காப்பாற்றப் போகிற நடை.

நாங்கள் போன முதல் லாட்ஜில், அவசரத்துக்கு வெளியேற வேண்டிய பின்வாசலைப் பூட்டி, முன்னால் மெத்தைகளை அடுக்கியிருந்தார்கள். ஏற்கெனவே நோட்டீஸ் கொடுத்தும் மெத்தை அசையவில்லை.

“இந்தக் கல்யாணக் கூட்டம் போகட்டும் மேடம், எடுத்துருதேன்” என்றார் உரிமையாளர் அண்ணாச்சி. சிவகிரியிலிருந்து வந்த பெண்வீட்டார் வரவேற்பறை நிறையப் பட்டும் பூவுமாக வேனுக்குக் காத்திருந்தார்கள்.

அதிகாரி அவரோடு வாதாடிக்கொண்டிருந்தார். நான் முன்வாசலருகே மாட்டியிருந்த சிலிண்டரை இறக்கினேன்.

“இது வேலை செய்யுமா அண்ணாச்சி?”

“சூப்பரா செய்யும் தாயி!”

சிலிண்டரின் பாதுகாப்புப் பின்னை உருவிக் கைப்பிடியை அழுத்தினேன். லேசாக ஒரு ‘புஸ்’ வரும் என்று நினைப்பு. குழாயோ துள்ளித் துள்ளிக் கூட்டத்தின்மேல் வெள்ளைப் பொடியை வாரி இறைத்தது. பதற்றத்தில் பிடியை இன்னும் இறுக்கினேன். (விட்டாலே நின்றிருக்குமாம்.)

யாரோ “தீ! தீ!” என்று கத்தினார்கள். முன்வாசல் பொடியில் மறைந்துவிட்டதால் எல்லோரும் பின்வாசலுக்கு ஓடி, மெத்தைகளில் மோதி நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் நெருக்க, ஒரு கைக்குழந்தை வீறிட்டது.

“ஏலே, சாவி எங்கனலே?” என்று பணியாளிடம் அலறினார் அண்ணாச்சி.

“வாட்ச்மேன்ட்ட இருக்கு. அவரு அருவிக்குக் குளிக்கப் போயிருக்காரு!”

“தீ இல்ல, வெறும் பொடி! தள்ளாதீங்க!” என்று அதிகாரி அம்மா தொண்டை கிழியக் கத்தி, கூட்டத்தை முன்வாசல் வழியாக வெளியே கொண்டுவந்தார். ஒருவருக்கும் அடியில்லை. மணப்பெண்ணின் அப்பா மட்டும் மாவில் புரட்டிய வாழைக்காய்போல நின்றார்.

அண்ணாச்சி என்மேல் பாய்ந்தார். “ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? மேலிடத்துக்கு எழுதிப் போடுதேன் பாரு!”

“அந்தப் பிள்ளைய விடும்வே” என்றார் பெண்ணின் அப்பா, மீசையைத் துடைத்தபடி. “நெசத் தீயா இருந்தா இந்தப் பச்சப்பிள்ளைய எந்த வழியா தூக்கிட்டு ஓடுவோம்?”

அண்ணாச்சி குழந்தையைப் பார்த்தார். உள்ளே போய், தானே மெத்தைகளை இழுத்துப் போட்டுவிட்டு, சுத்தியலால் பூட்டை உடைத்தார். கதவு திறந்ததும் சாரல் காற்று சிலுசிலுவென்று உள்ளே வந்தது.

எனக்கு அன்று விழுந்த திட்டுக்கு அளவில்லை. தரையையும் நானே பெருக்கினேன். ஆனால் செய்தி எங்களுக்கு முன்னால் ஓடிவிட்டது. அடுத்தடுத்த லாட்ஜுகளில் பின்வாசல்கள் ஆவெனத் திறந்துகிடந்தன. “பொடிக்காரப் பிள்ளை வருதா, சிலிண்டரைத் தூர வைலே!” என்ற குரலும் கேட்டது.

இன்றும் நான் கண்ணாடிமுன் நின்று பவுடர் டப்பாவைத் திறந்தால் போதும், என் கணவர் மகளை அழைப்பார்:

“ஏட்டி, ஓடு! ஒங்கம்மா பொடியைக் கையில எடுத்துட்டா!”