பாலைவன நாச்சோஸ்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறேகால் மணிக்குக் கோட்டைச்சாமி வீட்டுக்குள் நுழைந்தான். வீட்டில் சத்தம் இல்லை.

கரண்டு போயிருக்கும் என்று முதலில் நினைத்தான். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. டி.வி.யும் ஓடியது. அப்படியானால் நின்றுபோனது எது? செருப்பைக் கழற்றுகிற நேரத்தில் விடை கிடைத்துவிட்டது. மாரிசெல்வி.

சிவகாசியில் ஆப்செட் மிஷின் ஓட்டிவிட்டு விருதுநகருக்கு அவன் பஸ்ஸில் வந்து இறங்கினால், மாரிசெல்வி காபி கொண்டுவருவாள். காபியோடு தெருச் செய்தி, குழாயடிச் செய்தி, அவற்றின் மீது ஒரு தலையங்கம் எல்லாம் சேர்ந்து வரும். பதினொரு வருசமாக இந்தப் பதிப்பு ஒரு நாளும் நின்றதில்லை. இன்றைக்குக் காபி மட்டும் வந்தது.

"ஏ செல்வி, என்ன பேச்சையே காணோம்?"

அவள் உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

பேசாதே என்கிறாள்.

"நான் என்ன செஞ்சேன்? வாயைத் தொறந்து சொல்லேன். வாயில என்ன கொளுக்கட்டையா வச்சிருக்கே?"

ஆமாம் ஆமாம் என்று அவள் வேகமாகத் தலையாட்டினாள். ஆட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

இது சாதாரணக் கோபம் இல்லை, நையாண்டி கலந்த கோபம் என்பது அவனுக்குப் புரிந்தது. அவள் முகத்தைத் தூக்கி வைத்திருந்த விதமும் புதுசாக இருந்தது. இடது கன்னம் மட்டும் உப்பியிருந்தது. கோபத்தில் மூஞ்சி உப்பும் என்று அவனுக்குத் தெரியும். ஒரு பக்கம் மட்டும் உப்பினால் அரைக் கோபமாக இருக்கும் என்று ஆறுதல் பட்டுக்கொண்டு, பழைய சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டான்.

ஆனால் படுத்தால் தூக்கம் வரவில்லை. சிவகாசிக்காரனுக்கு ஒன்று தெரியும். படாரென்று வெடித்துவிட்ட வெடியால் பயமில்லை. திரி பற்றி, வெடிக்காமல் கம்மென்று கிடக்கிறதே, அதன் கிட்டத்தான் போகக் கூடாது. எந்தத் திரி எங்கே பற்றியது? தான் செய்த திருட்டுத்தனங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். எதுவும் வெளியே தெரிய வாய்ப்பில்லை. எல்லாமும் தெரிந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

சனிக்கிழமை காலையில் மாரிசெல்வி காபி டம்ளரை வைத்துவிட்டு, ஏதோ சொல்ல வந்ததுபோல லேசாக வாயைத் திறந்தாள். வெடி அவளிடமிருந்து வருவதற்குள் தானே பற்றவைத்துவிட்டால் சேதம் குறையும் என்று கோட்டைச்சாமி முந்திக்கொண்டான்.

"சரி, ஒத்துக்கிறேன். உங்க அம்மா குடுத்த எவர்சில்வர் தூக்குச்சட்டி பஸ்ஸுல தொலையல. எங்க அக்கா கேட்டா, குடுத்துட்டேன். போதுமா?"

திறந்த வாயை மாரிசெல்வி மூடிக்கொண்டாள். அவனையே பார்த்தாள். கண்கள் கொஞ்சம் பெரிதாயின. அவ்வளவுதான். பேச்சு வரவில்லை.

'அப்ப இது இல்ல போலிருக்கே' என்று கோட்டைச்சாமி குழம்பினான். ஒரு தூக்குச்சட்டியை அநியாயமாகக் கோட்டை விட்டாயிற்று. பெயர் ராசி அப்படி.

சாயங்காலம் வந்ததும் அடுத்ததைப் போட்டான். "சனிக்கிளமை சனிக்கிளமை லோடு ஏத்த ஓவர்டைம்னு சொல்லுவேன்ல? ஓவர்டைமும் இல்ல, லோடும் இல்ல. வழியில ஆமத்தூர்ல இறங்கி, கூட்டாளி பெத்தணன் வீட்ல கேரம் வெளையாடிட்டு வாறேன். இன்னைக்கு வெளையாடல. சத்தியம்!"

மாரிசெல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். இதுவும் இல்லை! இரண்டு குற்றத்தைச் சொல்லியும் எதற்குத் தண்டனை என்று தெரியாத கைதி உலகத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

நேராக அடுத்த வீட்டு அலாவுதீன் பாயின் பேக்கரிக்குப் போனான். பாய்க்கு அறுபது வயது. முப்பத்தைந்து வருச அனுபவஸ்தர், பிஸ்கட்டிலும் இல்லறத்திலும்.

"பாய், எம்பொண்டாட்டி பேச மாட்டேங்கா."

"கொடுத்து வச்சவன்லே நீ."

"வெளையாடாதீக பாய். மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா. என்ன தப்புன்னே தெரியல."

பாய் தாடியைத் தடவினார். "எங்க வீட்டுக்காரி ரோஷன் என்னமோ சொன்னாளே, உம்பொண்டாட்டியைப் பத்தி. வெள்ளிக்கிளமை ரெண்டு பேரும் சேந்து எங்கயோ போனாகளாம். நான் மாவு பெசஞ்சுக்கிட்டு இருந்தேனா, காதுல விளல."

"எங்க போனாகளாம்?"

"காதுல விளலன்னா எங்கன்னு எப்படிலே தெரியும்? அதை விடு. பொம்பளை கோவத்துக்கு இனிப்புதான் மருந்து. கடையில வாங்கின இனிப்பு செல்லாது. நீயே உன் கையால செஞ்சு குடு. கல்லும் கரையும்."

கோட்டைச்சாமிக்குப் பொறி தட்டியது. சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தான். பம்பாய்ப் பிஸ்கட் கம்பெனி ஒன்றின் ஆர்டர். பிஸ்கட் பாக்கெட்டுக்குள் போடுகிற துண்டுத் தாள், அவன் அச்சகத்தில் நாற்பதாயிரம் அடித்து அனுப்பியிருந்தார்கள். ஒரு பக்கம் வழுவழு படம்: பெரிய தட்டு, அதில் முக்கோண முக்கோணமாகப் பிஸ்கட், மேலே பழுப்பாக என்னமோ வழிகிறது, சிவப்புப் பழம், வெள்ளை நுரை. மறு பக்கம், 'Dessert Nachos' என்ற இங்கிலீஷுக்குப் பம்பாயிலேயே எழுதி அனுப்பிய தமிழ். பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"பாலைவன நாச்சோஸ். குக்கீகளை முக்கோணங்களாக உடைக்கவும். தட்டில் சிதறடிக்கவும். உருகிய சாக்லேட்டைத் தூறல் போடவும். ஸ்ட்ராபெரி, கொட்டைகள், கிரீம் கொண்டு மகுடம் சூட்டவும். விளையாட்டாகப் பரிமாறவும்."

பாய் தாளைத் திருப்பிப் படத்தை இன்னொரு தடவை பார்த்தார்.

"பாய், உங்க மச்சான் பன்னெண்டு வருசமா சவூதில இருக்காரே. பாலைவனத்துல இது உண்டா?"

"பேரீச்சம்பளம் உண்டு. குப்பூஸ் ரொட்டி உண்டு. நாச்சோஸ்னு அவன் சொன்னதே இல்லையே. ஒருவேளை நாச்சியாரா இருக்குமோ? அச்சுல தப்பு விளுந்திருக்கும்."

"பாலைவனத்துல நாச்சியார் யாரு?"

"அதான்லே, அந்த 'யார்'தான் அச்சுல விட்டுப்போச்சு!"

நாற்பதாயிரம் தாளிலும் ஒரு 'யார்' விட்டுப்போயிருந்தால் முதலாளி தன்னை யார் என்று கேட்பாரே என்று கோட்டைச்சாமிக்குப் புதுக் கவலை சேர்ந்தது. பாய் அதற்குள் சாமான்களை எடுத்துவைக்க ஆரம்பித்துவிட்டார்.

"குக்கின்னா பிஸ்கட்டுத்தான். தேங்கா பிஸ்கட் தாறேன். சாக்லேட்டு இந்த வெயில்ல வீடு போய்ச் சேராது. கருப்பட்டியைப் பாகு காச்சு, அதே நெறம்தான். செவப்புப் பளத்துக்குக் கேக்குல வைக்கிற செர்ரி. கிரீமுக்குப் பால்கோவா."

"கொட்டைகள்னு போட்டிருக்கே. எந்தக் கொட்டை? பருத்திக்கொட்டையா?"

"அது மாட்டுக்குலே. நெலக்கடலை போடு."

"கடைசில வெளையாட்டா பரிமாறணுமாம். அது எப்படி?"

பாய் கண்ணாடியைக் கழற்றினார். "அது புருசன் பொஞ்சாதி சமாச்சாரம். என்னைக் கேக்காதே."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோட்டைச்சாமி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் இறங்கினான். மாரிசெல்வி வாசல்படியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். ரசம் மட்டும் ஊற்றிக் குழையப் பிசைந்த சோற்றைச் சாப்பிட்டிருந்தாள். கோபத்தில் சோறுகூட இறங்கவில்லை என்று அவன் மனசு இளகியது.

முதல் சிக்கல், பிஸ்கட் வட்டமாக இருந்தது. வட்டத்தை உடைத்தால் முக்கோணம் வர வேண்டும். கையால் உடைத்தான், அரை நிலா வந்தது. கத்தியால் வெட்டினான், தூள் வந்தது. அரிவாள்மனையில் வைத்து அழுத்தினான். பிஸ்கட் தப்பித்துப் போய்த் தண்ணீர்க் குடத்தில் விழுந்தது. இருபது பிஸ்கட்டுக்கு மூன்று முக்கோணம் தேறியது. அதிலும் ஒன்றுக்கு நாலு மூலை.

அடுத்து பாகு. எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும் என்று தாளில் இல்லை. தாளில் கருப்பட்டியே இல்லை. பாகு கொதித்தது, பொங்கியது, பிறகு பிசின்போல இழுத்தது. தூறல் போடவும் என்றிருந்ததே என்று கரண்டியைத் தூக்கி உதறினான். ஒரு தூறல் தட்டில் விழுந்தது. ஒன்று காலண்டரில். ஒன்று அவன் புறங்கையில்.

"யாத்தே!"

மாரிசெல்வி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் இரண்டும் குலுங்கின.

அழுகிறாள்! கையைத் தண்ணீர்ச் சட்டியில் முக்கி எடுத்தபடியே கோட்டைச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பாசமா வைத்திருக்கிறாள்! அவசர அவசரமாகச் செர்ரியை வைத்தான், கடலையைத் தூவினான், பால்கோவாவை உருட்டி நடுவில் மகுடம் சூட்டினான். தட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் தரையில் வைத்தான். படத்தில் இருந்ததற்கும் இதற்கும் ஒரே ஒற்றுமை தட்டுதான்.

"செல்வி, இது பாலைவன நாச்சோஸ். வெளையாட்டா பரிமாறணுமாம்."

அவனுக்குத் தெரிந்த விளையாட்டு ஒன்றே ஒன்று. தனியாகக் கிடந்த ஒரு பிஸ்கட் துண்டைத் தரையில் வைத்து, கேரம் காயைச் சுண்டுகிற மாதிரி விரலால் சுண்டினான். அது சறுக்கிக்கொண்டு போய் அவள் கால்விரலில் முட்டி நின்றது.

மாரிசெல்வியின் தோள் இன்னும் பலமாகக் குலுங்கியது. துண்டை எடுத்துப் பார்த்தாள். வேண்டாம் என்று கையாட்டினாள். தன் இடது கன்னத்தை இரண்டு தடவை தொட்டுக் காட்டினாள்.

கோட்டைச்சாமிக்கு நொடியில் புரிந்தது. கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொல்கிறாள். சாமி முன்னால் நிற்கிறவன்போல நின்று, இரண்டு கன்னத்திலும் மாறி மாறி, பாகு ஒட்டிய கையாலேயே போட்டுக்கொண்டான்.

"தப்புத்தான் செல்வி, தப்புத்தான். எனக்கு இப்ப வெளங்கிருச்சு. ஒங்க அண்ணன் முனியராஜ் சமாச்சாரம்தானே? ஒங்க ஊரு தாயில்பட்டிக் காளியம்மன் பொங்கலுக்கு ஒன்னைக் கூப்பிட வாறேன்னு என் செல்லுக்குப் பேசினாரு. நாந்தான் ஒனக்குக் காய்ச்சல், வர முடியாதுன்னுட்டேன். நீ போயிட்டா சோத்துக்கு என்ன செய்யன்னுதான்..."

குலுங்கிய தோள் நின்றுவிட்டது.

மாரிசெல்வி மெதுவாக நிமிர்ந்தாள். அவள் கண்ணில் இப்போதுதான் நிஜமாகத் தண்ணீர் நின்றது. அவள் பிறந்த வீடு தகப்பன் இல்லாத வீடு. அண்ணன் கூப்பிடாமல் விட்டுவிட்டானே, நம்மை மறந்துவிட்டானே என்று போன வாரம் பூராவும் அவள் சாமி படத்தின் முன்னால் மூக்கைச் சிந்தியதைக் கோட்டைச்சாமி பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுக் கிரிக்கெட் பார்க்கப் போயிருக்கிறான். பிஸ்கட் தூளும் பாகும் ஒட்டிய கன்னத்தோடு நின்றவனுக்கு முதல் தடவையாகத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ரோஷன் பேகம் கஞ்சிச் செம்போடு வந்தாள். பின்னாலேயே, நாச்சியாரைத் தரிசிக்கப் பாயும் வந்தார்.

"செல்வி, நோம்புக் கஞ்சி மாதிரி நல்லாக் கொளைய வச்சிருக்கேன், குடி. வீக்கம் வடிஞ்சிருச்சா? என்ன தம்பி, கன்னமெல்லாம் செவந்து கெடக்கு, ஒங்களுக்குமா பல்லைப் புடுங்கிருக்கு?"

"பல்லா?" என்றான் கோட்டைச்சாமி.

"கடவாப்பல்லு தம்பி! வெள்ளிக்கிளமை நாந்தான் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். பஞ்சை வச்சு அடைச்சு, ஒரு நாளைக்குப் பேசக் கூடாதுன்னாரு. ஒங்ககிட்டச் சொல்லலையா?"

"பேசாம எப்படிக்கா சொல்ல?" என்றாள் மாரிசெல்வி.

கணீர் என்ற குரல். பழைய குரல்தான். கோட்டைச்சாமி தட்டுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"ஒரு நாளுன்னா... நேத்துக் காலைலயே பேசியிருக்கலாமே?"

"பேசத்தான் வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள நீங்க தூக்குச்சட்டியைப் பத்தி ஆரம்பிச்சீக. புருசன் பேசும்போது குறுக்க பேசலாமா?"

"பல்லு வலின்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா புள்ள?"

"ஒரு வாரமாச் சொன்னேன். 'இந்த ஓவர் முடியட்டும்'னீக."

பாய் குனிந்து தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுக்கப் பார்த்தார். முழுத் தட்டும் கூடவே எழும்பி வந்தது. "நல்லவேளை செல்வி இதைக் கடிக்கல" என்று தட்டோடு சேர்த்துக் கீழே வைத்தார்.

மாரிசெல்வி கஞ்சியைக் குடித்து முடித்தாள். கொடியில் கிடந்த சேலையை உருவி மடிக்கத் தொடங்கினாள்.

"அண்ணனுக்குப் போன் போடுங்க. காய்ச்சல் சரியாப் போச்சு, நாளைக்கு மொத பஸ்ஸுல வாறாள்னு சொல்லுங்க. சொன்னவர் நீங்கதான், மாத்திச் சொல்றவரும் நீங்கதான். பொங்கல் முடிஞ்சு பத்து நாள் இருந்துட்டுத்தான் வருவேன். வரும்போது இங்கன தூக்குச்சட்டி இருக்கணும்."

"சரி செல்வி."

"பத்து நாளும் கேரம் வெளையாடுங்க. நான் ஒண்ணும் சொல்லல."

"வேணாம் செல்வி."

போன் போட்டான். மச்சான் சந்தோசப்பட்டார். பேசி முடித்ததும் கோட்டைச்சாமிக்கு நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியது மாதிரி இருந்தது. தண்டனை கிடைத்துவிட்டது, கணக்குத் தீர்ந்துவிட்டது, இனிப் பயமில்லை. மாரிசெல்வி பையோடு அறைக்குள் போனதும் பாய் அவன் காதருகே வந்தார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டியாலே?"

"எல்லாம்தான் பாய்" என்று பெருமூச்சு விட்டான் கோட்டைச்சாமி. "அந்த ராசபாளையத்துச் சங்கதி ஒண்ணுதான் பாக்கி."

வீடு சின்னது, பேச்சு அறைக்குள்ளேயும் கேட்டுவிட்டது. மாரிசெல்வி வெளியே வந்தாள். பையைக் கீழே வைத்தாள். முக்காலியை அவனுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வாயை இறுக மூடிக்கொண்டாள்.