கொழுப்பு நீக்காத தயிர்

மதிப்பிற்குரிய வக்கீல் மாப்பிள்ளைக்கு, தயிர்க்கடை மாமனார் மனமார வாழ்த்தி எழுதுவது. நீங்களும் மகளும் சௌக்கியம்தானே? இங்கே நான் சௌக்கியம். என்னைத் திட்டத் தெம்பு இருப்பதால் உங்கள் அத்தையும் சௌக்கியம்.

லைசென்ஸ் போகப் போகிறது, உடனே வாருங்கள் என்று நேற்று போனில் அழுததை மறந்துவிடுங்கள். ஆறு மாதம் முன்பு பாலில் ஆடை பிரிக்கும் மெஷின் படுத்துவிட்டது. அதற்கு முந்தின வாரம்தான் 'கொழுப்பு நீக்கிய தயிர்' என்று மூட்டை மூட்டையாக லேபிள் அடித்து வைத்திருந்தேன். வீணாக்க மனசு வரவில்லை, முழுப்பால் தயிர் டப்பாவிலேயே ஒட்டிவிட்டேன். காலையில் உடம்பு இளைக்க நடக்கிறவர்கள் எல்லாம், "கொழுப்பே இல்ல, என்னா ருசி!" என்று அள்ளிக்கொண்டு போனார்கள். நேற்று கலப்படத் தடுப்பு அதிகாரி, எதிர்க்கடையில் மாவு கலந்த வெண்ணெயைப் பிடித்து சீல் வைத்த கையோடு இங்கே நுழைந்தார். அப்போதுதான் உங்களுக்குப் போன் போட்டேன். டப்பாவைத் திறந்து ஸ்பூனைக் குத்தினார். ஸ்பூன் நட்டமாக நின்றது. வாசலில் நின்ற தன் சோதனை வண்டியில் வைத்துப் பரிசோதித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏங்க, தண்ணிய வச்சுக்கிட்டு பாலுன்னு எழுதுறவங்களத்தான் நான் பிடிச்சிருக்கேன். நீங்க என்னடான்னா ஆடைய வச்சுக்கிட்டு இல்லன்னு எழுதியிருக்கீங்க?"

உங்கள் அத்தை உள்ளேயிருந்து, "இவருக்கு ஒரு பொய்கூட உருப்படியா சொல்லத் தெரியாதுங்க" என்று சாட்சி சொன்னாள். அதிகாரி சிரித்துவிட்டார். தப்பான லேபிளும் குற்றம்தான் என்று எழுத்தில் எச்சரித்து, லேபிள் அத்தனையையும் தன் கண்முன்னே கிழிக்கச் சொல்லி, லைசென்ஸை விட்டுவைத்தார்.

இன்று 'முழுக் கொழுப்புத் தயிர்' என்று கையால் எழுதி ஒட்டினேன். கடை காலியாகிவிடும் என்று பயந்தேன். நடக்கிறவர்கள் சண்டைக்குத்தான் வந்தார்கள். "அப்ப நாம இளைக்காதது நம்ம தப்பு இல்லதானே?" என்று ஒருவர் கேட்டதும் எல்லோர் முகமும் மலர்ந்துவிட்டது. ஆளுக்கு இரண்டு டப்பா வாங்கினார்கள். பத்து மணிக்கே தீர்ந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, மாப்பிள்ளை. ஆகவே நீங்கள் வர வேண்டாம். மகளுக்கு என் ஆசி. நீங்கள் எடுக்கிற வழக்கெல்லாம் ஜெயிக்கட்டும்.

இப்படிக்கு,
இனி உண்மையை மட்டுமே ஒட்டும்
மாமனார்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பும்போது அதே அதிகாரி சாதாரணச் சட்டையில் வந்து ஒரு டப்பா கேட்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பழைய லேபிள் ஒண்ணு கிடைக்குங்களா? வீட்ல லேபிளப் படிச்சுட்டுத்தான் எனக்கு ஸ்பூனே தர்றாங்க" என்றார். அலமாரி அடியில் ஒன்று கிடந்தது. உங்கள் அத்தை அதை வீட்டுக்கென்று எடுத்துவைத்திருந்த டப்பாவில் ஒட்டிக் கொடுத்துவிட்டாள். இதில் குற்றவாளி யார் என்று எனக்குப் புரியவில்லை. உடனே கிளம்பி வாருங்கள்.